கொலுசுப் பட்டறை அரமும் இங்வே மால்ம்ஸ்டீனும்

அண்ணா வணக்கம்,

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டை. இன்ஜினியரிங் மூணாவது வருஷம். ஸ்கூல் முடிச்சதுலேர்ந்து கிடார் வாசிக்கிறேன், எல்லாம் யூடியூப் தான், வாத்தியார்னு யாரும் இல்ல. நீங்க முன்னாடி ஒரு பதில்ல போற போக்குல, ஸ்வீடன் மெட்டல்காரர் இங்வே மால்ம்ஸ்டீன் கிடாரிஸ்ட்டே இல்ல, கையில வயலின் கிடைக்காத வயலின்காரர்னு ஒரு வரி எழுதிட்டு அப்படியே போயிட்டீங்க. அந்த ஒரு வரியால எங்க வீட்ல சண்டை. தங்கச்சி வயலின் கத்துக்கறா. அவங்க டீச்சர்கிட்ட நான் அவரோட ‘ஃபார் பியாண்ட் த சன்’ போட்டுக் காட்டினேன், அவங்க ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு "வேகம் இருக்குப்பா, கமகம் எங்க? சர்க்கஸ் பாக்கற மாதிரி இருக்கு"ன்னுட்டாங்க. தங்கச்சி அதையே பிடிச்சுக்கிட்டு தினமும் ஓட்டறா. காலேஜ்ல ஃப்ரெண்ட்ஸ் வேற, அந்தாளு முதல் ஆல்பத்தோட முடிஞ்சார், அப்புறம் நாப்பது வருஷமா அதையே தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்னு சொல்றானுங்க.

எனக்கு மூணு விஷயம் தெரியணும்ணா. அவர் யார்கிட்டேர்ந்து இதெல்லாம் எடுத்தார்? ஃப்ரெண்ட்ஸ் சொல்றது உண்மையா? மூணாவது கொஞ்சம் சில்லியா இருக்கும். அப்பா கொலுசுப் பட்டறை வெச்சிருக்கார், விதவிதமா அரம் வீட்லயே கிடக்கு. இங்வே கிடார் மாதிரி ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட்டு (கிடார் கழுத்துல குறுக்க பதிச்ச கம்பி) நடுவுல மரத்தை நானே ராவி எடுத்துரலாமா? பேர் போட வேண்டாம்ணா, அப்பா படிச்சார்னா அரத்தையெல்லாம் பூட்டி வெச்சுருவார்.

*

தம்பி,

பேரை எடுத்துட்டேன். செவ்வாய்ப்பேட்டைல கொலுசுப் பட்டறை வெச்சிருக்கறவங்க நிறைய பேர், அதனால அப்பாவுக்கு சந்தேகம் வராது.

டீச்சர் சொன்னதுல பாதி சரி. ஃப்ரெண்ட்ஸ் சொல்றதுல பாதிக்கு மேலயே சரி. ஆனா ரெண்டுக்கும் காரணம் ஒண்ணு தான்னு எனக்குத் தோணுது, அதைச் சொல்றதுக்கு ஆள் எங்கேர்ந்து வந்தார்னு பாக்கணும்.

1963ல ஸ்டாக்ஹோம்ல பொறந்தவர். வீட்ல அம்மா வாங்கிக் குடுத்த கிடார் சும்மா கிடந்துச்சு. 1970 செப்டம்பர் 18, அமெரிக்க ராக் கிடாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் செத்த அன்னிக்கு டிவி நியூஸ்ல ஹெண்ட்ரிக்ஸ் மேடைல கிடாரைக் கொளுத்தற காட்சியைப் போட்டாங்க, ஏழு வயசுப் பையன் அதைப் பார்த்துட்டு அன்னிக்கே வாசிக்க ஆரம்பிச்சதா அவரே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கார். ஹெண்ட்ரிக்ஸ்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்டது அந்தத் தீயும் திமிரும் தான், சங்கதி எதுவும் அங்கேர்ந்து வரல. அக்கா குடுத்த டீப் பர்பிள் ரெக்கார்டு ‘ஃபயர்பால்’லேர்ந்து அந்த பேண்டோட கிடாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் வந்தார். பிளாக்மோர் வாசிப்புல அங்கங்க பழைய ஜெர்மன் இசை மேதை பாக் வாசனை அடிக்கும், அதை மோப்பம் பிடிச்சே பையன் பாக், விவால்டின்னு பின்னாடி போயிட்டான். அப்புறம் ஒரு நாள் டிவில கிடோன் க்ரெமர்ங்கற வயலின்காரர் பாகனினி வாசிக்கறதைக் கேட்டாராம். அதோட கிடார் வாசிக்கறவங்ககிட்ட கத்துக்கறதை விட்டுட்டார்னே சொல்லலாம்.

பாகனினி யாருன்னு தங்கச்சியைக் கேளு, தெரியலைன்னா டீச்சரைக் கேளு. இத்தாலிக்காரர், 1782ல பொறந்து 1840ல செத்தவர், வயலினுக்குத் தனியா கேப்ரிஸ்ங்கற சின்ன உருப்படி 24 எழுதி வெச்சார், 1820ல அச்சுல வந்துச்சு, இன்னிக்கும் வயலின்காரங்களுக்கு அது தான் பரீட்சை. இவ்வளவு வேகமா மனுஷன் வாசிக்க முடியாது, பேய்கிட்ட ஆத்மாவை வித்துட்டான்னு அந்தக் காலத்துலயே பேசிக்கிட்டாங்க. அதே காலத்துல நம்ம பக்கம் முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர், பாகனினியை விட நாலு வயசு தான் சின்னவர், வெள்ளைக்காரன் வாத்தியத்தைக் கையில வாங்கி நம்ம சங்கீதத்துக்கு வளைக்கிறார். ஒரே பெட்டி, ஒரே நாலு தந்தி. அங்க ஒருத்தர் அதை வேகத்துக்கு இழுத்துட்டுப் போறார், இங்க ஒருத்தர் கமகத்துக்கு இழுத்துட்டு வர்றார். உங்க டீச்சர் பாலுசாமி வழி, இங்வே பாகனினி வழி. ரெண்டு பங்காளிங்க ரெண்டு நூறு வருஷம் கழிச்சு செவ்வாய்ப்பேட்டைல உங்க வீட்டு ஹால்ல வந்து முறைச்சுக்கிட்டு நிக்கறாங்க, அவ்வளவு தான் விஷயம்.

வயலின்லேர்ந்து என்னத்தை எடுத்தார்னு கேட்டா, மெட்டு மட்டும் இல்ல, கை வேலையையே எடுத்தார். வில்லை ஒரே இழுப்பு இழுத்தா தந்திகளை வரிசையாத் தொட்டுட்டுப் போகும்ல, அதைப் பிக்கை வெச்சு செய்யறது தான் ஸ்வீப். வலது கை ஒரே திசைல தந்தி தந்தியா நழுவும், இடது கை ஒவ்வொரு ஸ்வரத்தையும் அழுத்தி உடனே விட்டுரணும், விடலைன்னா ஸ்வரம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கார்டு அடிச்ச மாதிரி கூழாயிரும். நிறைய பசங்க வலது கையை மட்டும் பாத்துக் கத்துக்கறாங்க. வேலை முழுக்க இடது கைல, விடறதுல தான் இருக்கு. அப்புறம் பாக் வழக்கம் ஒண்ணு, ஒரு ஸ்வரத்தை நங்கூரமா வெச்சுக்கிட்டு அதுக்குத் திரும்பித் திரும்பி வந்து மத்த ஸ்வரத்தை நகத்தறது, அதையும் அப்படியே தூக்கிட்டு வந்தார். ப்ளூஸ் ஸ்கேல்ல ஊறின ராக் கிடார்ல அது வரைக்கும் இதை யாரும் தொடலைன்னு சொல்லமாட்டேன், பிளாக்மோர் தொட்டார், ஜெர்மன்காரர் உல்ரிச் ராத் தொட்டார். வீடு கட்டிக் குடி போனது இவர் தான்.

இப்ப உன் அரம். சின்ன வயசுல ஸ்டாக்ஹோம்ல ஒரு கிடார் ரிப்பேர் கடைல இங்வே வேலை பாத்தார். பதினேழாம் நூற்றாண்டு லூட்ங்கற பழைய தந்தி வாத்தியம் ஒண்ணு அங்க ரிப்பேருக்கு வந்துச்சாம், அதுல ஃப்ரெட்டுக்கு நடுவுல மரம் குழிவாக் குடைஞ்சிருந்திருக்கு. அதைப் பாத்துட்டு ஒரு பழைய கிடார்ல செஞ்சு பாத்தார், பிடிச்சுப் போச்சு, அன்னிலேர்ந்து அவர் கிடார் எல்லாம் அப்படித் தான். பிளாக்மோர் கிடாரும் குடைஞ்சது தான், நம்ம சங்கீதமும் ஜாஸும் கலந்த சக்தி பேண்டு நாள்ல ஜான் மெக்லாஃப்லின் கிடாரும் அப்படித் தான். இது ஐரோப்பா சமாச்சாரம்னு நினைக்காத, ஒரு வீணையைப் பக்கத்துல போய் உத்துப் பாரு. மெழுகு மேல 24 பித்தளை மெட்டு உசரமா நிக்கும், விரல் மரத்தைத் தொடவே தொடாது, மெட்டு மேல தந்தியைப் பக்கவாட்டுல இழுத்து தான் கமகம் பிடிப்பாங்க. ஸ்காலப் பண்ணின, அதாவது இப்படிக் குடைஞ்ச கிடார்ல நடக்கறதும் அதே தான். விரல் நுனி மரத்துல உரசாது, தந்தியைக் கொத்தாப் பிடிச்சு இழுக்கலாம், ஆட்டலாம். இழப்பு என்னன்னா, நீ கொஞ்சம் பலமா அழுத்தினா தந்தி குழிக்குள்ள எறங்கி ஸ்ருதி மேல ஏறிரும். அழுத்தற பழக்கம் இருக்கறவன் குடைஞ்ச கிடாரை வாசிச்சா எல்லா கார்டும் அபஸ்வரமா அடிக்கும். இங்வேக்கு அது ஏன் ஒத்து வருதுன்னா அவர் போடறது எட்டாம் நம்பர் தந்தி, ரொம்ப மெலிசு, அதையும் அரை ஸ்ருதி எறக்கி வெச்சிருப்பார், தொட்டா போதும்.

அதனால உன் கிடார்ல கை வைக்காத. மரத்தை எடுத்தா திரும்ப ஒட்ட முடியாது. மேப்பிள் போர்டா இருந்தா மேல இருக்கற லாக்கரும் போயிரும், நம்ம சேலத்து வெயிலுக்கும் மழைக்கும் பச்சை மரமா நிக்கும், ஒரு சீசன்ல அழுக்கேறிக் கறுத்துரும். உன்னுது ஸ்ட்ராட் டைப்பா இருந்தா நெக்கு, அதாவது கழுத்து, நாலு ஸ்க்ரூல தான் மாட்டியிருக்கும், பழைய நெக்கு ஒண்ணு மலிவா வாங்கி அதுல செஞ்சு பாரு, பிடிக்கலைன்னா கழட்டிட்டு உன் சொந்த நெக்கை மாட்டிக்க. முழுசாவும் வேண்டாம், மேல கடைசி நாலு ஃப்ரெட்டுக்கு நடுவுல மட்டும் குடை, ஸ்டீவ் வாய்ங்கற கிடாரிஸ்ட்டோட ஐபனேஸ் கிடார்ல அந்த அளவு தான். அரை வட்ட அரம் எடு, ரெண்டு பக்க ஃப்ரெட்லயும் டேப் ஒட்டிக்க, ஓரத்துல மரத்தை விட்டுட்டு நடுவுல எறங்கு. அப்பாகிட்டயே கேட்டுச் செய். வெள்ளில அரைக்கால் மில்லி பிசகாம ராவறவர் உன்னை விட நல்லாவே செய்வார், அரத்தை எதுக்கு அவருக்குத் தெரியாம எடுக்கற?

சரி, கமகம். இங்வே வேகமா ஓடறப்ப கமகம் கிடையாது, டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. ஒவ்வொரு ஸ்வரமும் நட்டுவெச்ச கம்பமா நிக்கும். ஆனா ஓட்டம் முடிஞ்சு ஒரு ஸ்வரத்துல வந்து நிப்பார் பாரு, அங்க கேக்கணும். அந்த வைப்ரேட்டோ அகலமானது, நிதானமானது, ஸ்ருதில மேல போய்த் திரும்ப வந்து உக்காரும், அதை யாராலயும் அப்படியே காப்பியடிக்க முடியல. வேகத்தை ஜப்பான்லயும் பிரேசில்லயும் பத்து வயசுக் குழந்தைங்க வாசிச்சு வீடியோ போடுதுங்க, அந்த நிக்கறது ஒருத்தருக்கும் வரல. டீச்சருக்கு நீ போட்டுக் காட்டினது தப்பான பாட்டு தம்பி. அவரோட ‘பிளாக் ஸ்டார்’ போட்டிருக்கணும், ஆரம்பத்துலேர்ந்து.

இன்னொண்ணும் அவங்களுக்குச் சொல்லு. இவரோட அந்தத் தனி வாசனை ஹார்மோனிக் மைனர்ங்கற ஸ்கேல்லேர்ந்து வருது. அது நம்ம கீரவாணி தான், 21வது மேளம், ச ரி2 க2 ம1 ப த1 நி3. த1க்கும் நி3க்கும் நடுவுல ஒரு பெரிய தாண்டல் இருக்குல்ல, அந்தத் தாண்டல் தான் அந்த மொத்த வகை மெட்டலுக்கும் ரத்தம். அதே ஸ்வரங்களைப் பஞ்சமத்துலேர்ந்து ஆரம்பிச்சு வாசிச்சா வகுளாபரணம் வரும், இங்வே அதையும் சளைக்காம வாசிப்பார், ஃப்ரிஜியன் டாமினன்ட்னு பேர் வெச்சுக்கிட்டு. கிரகபேதம்னு நம்மாளுங்க மேடைல ரெண்டு நிமிஷம் காட்டிட்டுக் கைதட்டல் வாங்கற சமாச்சாரத்தை இவர் அரை மூச்சுல தாண்டிட்டுப் போவார். டீச்சர் தியாகராஜரோட ‘கலிகியுண்டே’ வாசிப்பாங்கன்னு நினைக்கிறேன், வாசிச்ச கையோட ‘பிளாக் ஸ்டார்’ கேக்கச் சொல்லு. பிடிக்கணும்னு இல்ல, யார் வீட்டுப் பையன்னு அடையாளம் தெரிஞ்சுரும்.

கரண்ட் போட்ட வாத்தியத்துல கமகம் வராதுன்னு அவங்க சொல்லியிருந்தா மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஒருத்தர் போதும். எட்டுத் தந்தி மாண்டலினை அஞ்சாக் குறைச்சு, ஆம்ப்ல மாட்டி, 1983ல பெர்லின் ஜாஸ் விழாவுல வாசிச்சப்ப அவருக்கு வயசு 14. அதே 1983 பிப்ரவரில தான் இங்வே ஒரு கிடாரோட லாஸ் ஏஞ்சலஸ் போய் எறங்கறார். ‘கிடார் ப்ளேயர்’ பத்திரிகைல மைக் வார்னின்னு ஒருத்தர் பேர் தெரியாத வாசிப்புக்காரங்களை அறிமுகப்படுத்தற பத்தி எழுதிட்டிருந்தார், ஷ்ராப்னல்னு ரெக்கார்டு கம்பெனியும் வெச்சிருந்தார், அவருக்கு டெமோ கேசட் அனுப்பி அது மூலமாப் போனது. ஸ்டீலர் பேண்டுல கொஞ்ச நாள், அல்காட்ராஸ் பேண்டுல கொஞ்ச நாள், 1984 கடைசில சொந்தமா முதல் ஆல்பம் ‘ரைசிங் ஃபோர்ஸ்’. எட்டு டிராக்ல ஆறுக்குப் பாட்டே கிடையாது, வெறும் வாத்தியம், அது அமெரிக்கா பில்போர்டு ஆல்பம் லிஸ்ட்ல 60வது எடம் வரைக்கும் போச்சு. இன்னிக்கு யோசிச்சாக் கூட நம்ப முடியல. அதுல ‘இக்காரஸ் ட்ரீம் சூட்’ அல்பினோனிங்கற பழைய இத்தாலிக்காரரோட அடாஜியோல ஆரம்பிக்கும், பெரிய பரோக் (பாக் காலத்து) சொத்துன்னு எல்லாரும் உருகுவாங்க. அந்த அடாஜியோவை 1958ல வெளியிட்டது ஜியாசோட்டோன்னு ஒரு இத்தாலி ஆராய்ச்சியாளர், பெரும்பாலும் அவரே எழுதினது தான்! இங்வே வாசிச்சப்ப வெளிய வந்து இருபத்தாறு வருஷமே ஆன பழைய சங்கீதம்.

எனக்கு அந்த ஆல்பம் கிடைச்சது ஏற்காட்ல போர்டிங் ஸ்கூல் பையன் ஒருத்தன்கிட்டேர்ந்து. கீழ சேலத்துக்கு எடுத்துட்டு வந்து ஒரு ரெகார்டிங் சென்டர்ல அறுபது நிமிஷ கேசட்ல ஏத்தச் சொன்னேன், ஒரு பக்கம் பத்தாம அடுத்த பக்கத்துல கொஞ்சம் வழிஞ்சுது, மிச்ச எடம் வேஸ்ட்டாப் போகக் கூடாதுன்னு கடைக்காரரே முருகன் பாட்டு போட்டு நிரப்பிக் குடுத்துட்டார். ரொம்ப நாள் எனக்கு இங்வே முடிஞ்சா முருகன் தான் வருவார்.

இப்ப ஃப்ரெண்ட்ஸ் சொன்னது. 1987 ஜூன்ல கார் மரத்துல மோதி ஒரு வாரத்துக்கு மேலயோ கீழயோ கோமால கிடந்தார், வலது கை நரம்பு பாதிச்சு திரும்பப் பழகினார், அந்த நேரத்துலயே அம்மா கேன்சர்ல போயிட்டாங்க. அதெல்லாம் தாண்டி 1988ல ‘ஒடிசி’, அடுத்த வருஷம் லெனின்கிராட்ல கச்சேரி. 90கள்ல அமெரிக்கால கிரஞ்ச்னு ஒரு ராக் வகை வந்து கிடார் சோலோவே கெட்ட வார்த்தையாச்சு, ஜப்பான் மட்டும் கை விடல. 1998ல செக் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட எலக்ட்ரிக் கிடார் கன்சர்ட்டோ வெளியிட்டார். 2003ல கிடாரிஸ்ட்டுங்க ஜோ சேட்ரியானி, ஸ்டீவ் வாய் கூட ஜி3ங்கற கிடார் கச்சேரி மேடை. ஆள் சும்மா இருந்ததே இல்ல.

ஆனா பசங்க சொல்றது வேற, அதுக்கு என்கிட்ட மறுப்பு இல்ல. 1996ல ‘இன்ஸ்பிரேஷன்’னு ஒரு ஆல்பம் போட்டார், தன் குருமார்களோட பாட்டையெல்லாம் வாசிச்சு. டீப் பர்பிள், ரெயின்போ, ஹெண்ட்ரிக்ஸ், ஸ்கார்பியன்ஸ், ரஷ், கான்சாஸ், யுகே. லிஸ்ட்டைப் பாரு, எல்லாம் அவருக்கு இருபது வயசாகறதுக்குள்ள கேட்டது. அதுக்கப்புறம் யாரும் உள்ள வரல, வர விடல. புதுசா யாரையும் கேக்கறதில்லன்னு பேட்டிகள்ல பெருமையாவே சொல்லுவார். குறைச்சு வாசிச்சா அழகுன்னு யாரோ சொன்னதுக்கு, குறைவு எப்படி அதிகமாகும், அதிகம்னா தான் அதிகம்னு சொன்ன மனுஷன். போகப் போக பாட்டும் அவரே, பேஸும் அவரே, மிக்ஸிங்கும் அவரே. முதல் ஆல்பத்துல கீபோர்டுல யென்ஸ் யோஹான்சன் எதிர்த்து நின்னு பதில் குடுப்பார், ஒரு வரிக்கு ஒரு வரி, அதுல தான் இவருக்கு ரோஷம் வந்து அப்படி வாசிச்சார்னு நான் நினைக்கிறேன். எதிர்த்து நிக்க ஆளில்லாத வாசிப்பு எப்படி இருக்கும்னு 2012 ‘ஸ்பெல்பவுண்ட்’ கேட்டாத் தெரியும். முழுசாக் கேக்க முடிஞ்சா உனக்கு ஒரு ஃபில்டர் காபி என் கணக்குல.

இதுக்கு நேர் எதிர்ல ஜேசன் பெக்கர்னு ஒரு கிடாரிஸ்ட். கலிஃபோர்னியா ரிச்மண்ட்ல 1969ல பொறந்த பையன், ஸ்கூல் விழாவுல ‘பிளாக் ஸ்டார்’ வாசிச்ச வீடியோ இருக்கு, பச்சையா இங்வே பக்தன். கிடாரிஸ்ட் மார்ட்டி ஃப்ரீட்மேன் கூடச் சேந்து ககோஃபனின்னு ஒரு பேண்டு, 1987ல முதல் ஆல்பம், அதே ஷ்ராப்னல் கம்பெனி. மார்ட்டி ஹவாய்ல இருந்தப்ப ஜப்பான் என்கா பாட்டு கேட்டு ஊறினவர், தந்தியை எந்த ஸ்வரத்துலேர்ந்து எங்க இழுக்கறதுங்கறதுல அவர் வழியே தனி, ஜேசன் அதை அப்படியே உள்ள வாங்கினார். 1988ல தனியா ‘பெர்பெச்சுவல் பர்ன்’. கேட்டுப் பாரு, இங்வே ஸ்வீப் இருக்கும், ஆனா அந்த ஸ்வீப் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி கார்டு மாறிட்டே போகும், வேகத்தை மறந்து மெட்டைக் கேக்க ஆரம்பிச்சுருவ. இருபது வயசுல பாடகர் டேவிட் லீ ராத் பேண்டுல ஸ்டீவ் வாய் எடத்துக்குப் போனார், அப்பவே காலு நொண்ட ஆரம்பிச்சு, 1990ல ஏஎல்எஸ்னு தெரிஞ்சுது, தசையெல்லாம் செயலிழக்க வைக்கற நரம்பு நோய். அஞ்சு வருஷம் தாங்கினா ஜாஸ்தின்னு டாக்டருங்க சொன்னாங்க. கை போச்சு, பேச்சு போச்சு, அப்பா உருவாக்கின எழுத்துக் கட்டத்தைக் கண்ணால காட்டித் தான் இன்னிக்கும் பேசறார், அப்படியே இசையும் எழுதறார். 1996ல ‘பர்ஸ்பெக்டிவ்’ வந்துச்சு, அதுல ஒரு பாப் டிலன் பாட்டும் இருக்கு. வேகத்தோட உச்சில இருந்த பையனுக்கு டிலனும் வேண்டியிருக்கு பாரு! 2018லயும் ஒரு ஆல்பம், மத்தவங்க கையால வாசிச்சு. இரக்கத்துக்காக இதைச் சொல்லல. நோயை ஒதுக்கி வெச்சுட்டு வெறும் காதால கேட்டாலும் இவர் லிஸ்ட் நீண்டுட்டே போகுது, இங்வே லிஸ்ட் 1980ல நின்னு போச்சு.

நம்ம ஊர்லயும் 1986ல இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ போட்டு தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் பண்ணினார். இங்வே பாக்கை எடுத்து ரெண்டு வருஷம் கூட ஆகல. அதே பாக், ஒருத்தர் அவரை மார்ஷல் ஆம்ப்ல மாட்டினார், இன்னொருத்தர் நரசிம்மன் வயலின் பக்கத்துல உக்கார வெச்சார். இந்த ரெண்டையும் ஒரே ராத்திரில கேட்டுட்டு எனக்கு எழுது, எது பிடிச்சுதுன்னு கேக்கமாட்டேன், பாக் எதுல உயிரோட இருக்கார்னு கேப்பேன்.

தங்கச்சிக்கு ஒண்ணு. ஷான் லேன்னு அமெரிக்கா மெம்ஃபிஸ் ஊர் கிடாரிஸ்ட், 2003ல நாப்பது வயசுலயே போயிட்டார், வேகத்துல இங்வேயையே ஓரமா நிக்கச் சொல்ற கை, ஆனா காது எல்லாப் பக்கமும் திறந்து வெச்சவர், கவ்வாலி பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் பைத்தியம். அவர் 2000ல ஜோனாஸ் ஹெல்போர்க் பேஸ், நம்ம விக்கு விநாயகராம் மகன் செல்வகணேஷ் கஞ்சிரா, மூணே பேரா ‘குட் பீப்பிள் இன் டைம்ஸ் ஆஃப் ஈவில்’னு ஒரு ஆல்பம் பண்ணினாங்க. டீச்சரையும் பக்கத்துல உக்கார வெச்சுப் போடு, முன்னாடியே பேர் சொல்லாத, கஞ்சிரா வரட்டும். அவங்க என்ன சொன்னாங்கன்னு மட்டும் வார்த்தை மாத்தாம எழுதி அனுப்பு, திட்டினாலும் போடறேன்.

நெக்கு ஒண்ணு வாங்கி ராவி முடிச்சேன்னா எடுத்துட்டு மேல வா, நானும் வாசிச்சுப் பாக்கறேன். ஒன்பதாம் நம்பர் தந்தி ரெண்டு செட் வாங்கிட்டு வந்துரு, இங்க கிடைக்காது. சாயங்காலம் வராத, மழை சீசன்ல ஏற்காட்ல கரண்டை நம்பி ஆம்ப் மாட்ட முடியாது.